வண்டிப் புணரியல்

மோட்டார் வண்டியைப் பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுந்தமை கண்டு நகைப்போரும் இருப்பர். மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது இலக்கணக் கட்டுரையே. வேண்டியதனையே தருகின்றோம் என்பது முற்றப் படிப்பார்க்குப் புலனாகும்.

சென்ற மார்கழி விடுமுறையில் எமது பழைய மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்திருந்தார். நாம் கரும்பலகையிலே புணர்ச்சி விதிகளை எழுதுங்கால், கடைசி வாங்கிலிருந்து மேசையின் கீழே மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது இங்கிலாந்திலே பொறியியலாளராக இருக்கின்றார். அவர் கொணர்ந்தது பெரியதொரு படத்தொகுப்பு. தம் வீட்டுக் கராச்சிலே, தம் கையாலேயே, பந்தய வண்டியை யொத்த விரைவு வண்டியொன்றைக் கட்டி, அதனை நெடுந்தெருவில் ஓட்டுதற்கு அரசின் அனுமதியும் பெற்றிருந்தார். ஆசிரியர் அறையிலே இரண்டு மணி நேரம் பேசினார். உயர்வகுப்பு விஞ்ஞான மாணாக்கர் யன்னலோரத்தில் நின்று கேட்டனர். நாமும் கேட்டோம், கேட்கக் கேட்க எமது பாடத்தையே வேறொருவர் நடத்துவது போலிருந்தது.

வண்டியைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கி வீட்டிலே பொருத்திக் கொள்ளும் வழக்கம் இங்கிலாந்திலே பழையது. அதனை வளர்த்தது வரி. முழு வண்டிக்கு அங்கே கொள்வனவு வரி இருந்தது; துண்டுகளாக வாங்குவோர்க்கு அவ்வரி இல்லை. 1957 இல் கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட ‘செவன்’ என்னும் சிறு வண்டி இவ்வாறே பலர் வீட்டை அடைந்தது. பொருத்தும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிவிலக்குக் கெடும் என்பதற்காகக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தனர் என்றும், வாங்கியோர் அதனைக் கடையிலிருந்து தலைக்கு வாசித்தனர் என்றும் சொல்லப்படுவதுண்டு. 1973 இலே பெறுமதி சேர் வரி வந்ததும் அவ்விலாபம் ஒழிந்தது. ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. வரிக்காகக் கட்டியவர் போயினர். கட்டுதற்காகவே கட்டுவோர் எஞ்சினர்.

பிற்காலத்தில் இத்தொகுதிகள் சிறு வண்டிகளோடு நின்றில. லெஸ்ரர்ஷயரைச் சேர்ந்த ஹிங்க்லி என்னும் ஊரிலே அல்ரிமா என்னும் நிறுவனம் உருக்குக் குழாய்ச் சட்டகமும் கண்ணாடி நார் உடலும் கொண்ட விரைவு வண்டிகளைத் தொகுதியாக விற்கலாயிற்று. அதன் ‘ஜீ.ரீ.ஆர்.’ என்னும் வகை 1999 இல் வந்தது. எஞ்சின் சாரதிக்குப் பின்னும் பின்னச்சுக்கு முன்னுமாக நடுவிலே இருக்கும். எடை ஓராயிரம் கிலோகிராமின் அளவினது. ஆற்றலோ பெரிய அமெரிக்க எட்டு உருளை எஞ்சினுடையது. இவற்றை விளையாட்டுப் பொருள் என்று எண்ணற்க. மக்லறன் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தனது புகழ்பெற்ற ‘எப்-1’ வண்டியை உருவாக்கியபோது, கியர்ப்பெட்டியையும் எஞ்சினையும் முன்னரே ஓட்டிப் பார்ப்பதற்கு அல்ரிமாத் தொகுதிகள் இரண்டனையே வாங்கிற்று. அவற்றிற்கு அல்பேட் என்றும் எட்வேட் என்றும் பெயரிட்டனர்.

எம் மாணாக்கர் வாங்கிய தொகுதி எவருடையது என்பது ஈண்டு வேண்டா. அவர் சொல்லிய ஒன்றே வேண்டும். “சேர், ஒன்றரை வருசத்திலை கட்டி முடிச்சிட்டன். திருத்த இரண்டு வருசம் எடுத்தது. சாமான்களிலை ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்கப் பொருத்திலைதான்.”

நிலைமொழியும் வருமொழியும் தனித்தனியே குற்றமற்றவை. பல் என்பதும் நல்ல சொல்; பொடி என்பதும் நல்ல சொல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தமாத்திரத்தே ஒரு சொல்லாகிவிடா. பற்பொடி என்று ஓரிடத்திலே ஓரெழுத்துத் திரிதல் வேண்டும். பெருந்தொழிற்சாலையொன்றில் ஒரே வண்டிக்கென்று செய்யப்படும் உறுப்புகளுக்கு இத்திரிபையெல்லாம் நூற்றுக்கணக்கான பொறியியலாளர் முன்னரே செய்து வைத்திருப்பர். தொகுதி வண்டியிலோ எஞ்சின் ஒரு நாட்டினது, கியர்ப்பெட்டி மற்றொரு நாட்டினது, பிறேக்கு வேறொரு வண்டிக்குச் செய்தது. சந்தி தோறும் விதியறிந்து புணர்த்த வேண்டியவர் கராச்சிலே தனித்து நிற்கும் ஒருவரே.

கியர்ப்பெட்டியை முதலில் எடுத்துக் கொள்வோம். அவர் தேர்ந்தது போர்ஷே 911 வண்டியின் பெட்டி. அவ்வண்டியிலே எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கும். பெட்டி அதற்கு முன்னால் இருக்கும். நடு எஞ்சின் வண்டியிலோ எஞ்சின் அச்சுக்கு முன்னும் பெட்டி பின்னுமாம். ஆகவே இரண்டையும் சேர்த்து முன்பின்னாகத் திருப்பி வைத்தல் வேண்டும். திருப்பிய மாத்திரத்தே சக்கரங்கள் எதிர்த் திசையிற் சுழலும். முன்செல்லும் கியர்கள் ஐந்தும் பின்செல்வனவாகி, பின்செல்லும் ஒன்றே முன்செல்வதாய் நிற்கும். இதற்குப் பரிகாரம் இரண்டு. பெட்டியுள் இருக்கும் பெரிய பற்சக்கரத்தைச் சிறியதன் மறுபக்கத்திற்கு மாற்றலாம். அன்றேல் பெட்டி முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கலாம். கவிழ்த்தால் எண்ணெய் ஊற்றும் வாயும், மட்டம் பார்க்கும் துளையும், ஆவி வெளியேறும் குழலும் இடம் மாறவேண்டும். மேலே சென்ற பற்களுக்கு எண்ணெய் எட்டுகின்றதா என்றும் பார்க்கவேண்டும். ஒரு திரிபு வேறு பல திரிபுகளை இழுத்து வருவது எழுத்ததிகாரம் கற்றார்க்குப் புதிதன்று.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையிலே இரண்டின் துளைகளுக்கும் ஒத்த தகடொன்று புதிதாய்ச் செய்து இடப்படும். இது தோன்றல் விகாரம். அத்தகட்டின் நடுவும் எஞ்சின் தண்டின் நடுவும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் விலகலாகாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் வழக்கு. விலகினாலும் வண்டி ஓடும், அதுவே தீங்கு. சில ஆயிரம் மைல் ஓடியபின்னரே கிளச்சும் தண்டின் தாங்கியும் தேய்ந்தமை தெரியவரும்.

மின்கம்பியைப் பற்றி ஒரு சொல். உருக்கு உடல் கொண்ட வண்டியிலே விளக்குக்குப் போகும் மின்னோட்டம் உடல் வழியாகவே பற்றரிக்கு மீளும். கண்ணாடி நார் மின்னைக் கடத்தாது. ஆதலால் விளக்கு ஒவ்வொன்றிற்கும் மீள்கம்பி தனியே வேண்டும். எம் மாணாக்கர் ஓரிடத்தில் மறந்தார். பிறேக்கு மிதித்தபோது திரும்பும் விளக்கு எரிந்தது.

வெப்பம் இதனினும் வஞ்சகமானது. றேடியேற்றர் வண்டியின் மூக்கிலே, எஞ்சினோ பின்னே. நீர்க் குழாய்கள் வண்டியின் நீளமெல்லாம் ஓடி, எஞ்சினை அடையுமிடத்து மேலே வளைகின்றன. அவ்வளைவின் உச்சியிலே காற்றுத் தங்கும். ஒரு நாள் மாலை தெருச் சந்தியொன்றில் வண்டிகள் நெருங்கி நின்றபோது, ஏறிக்கொண்டிருந்த வெப்பமானி முள் திடீரெனத் தாழ்ந்ததாம். அவர் மகிழ்ந்தார். மகிழ்ந்து இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து ஆவி எழுந்தது. உணர்கருவி நீரில் மூழ்கியிருந்தால் உண்மை சொல்லும். காற்றிலே நின்றால் தாழ்த்திச் சொல்லும். நீர் வற்றிய இடத்தில் அது நின்றமையே முள் தாழ்ந்ததற்குக் காரணம். உச்சியிலிருந்து மேல் தொட்டிக்குச் சிறு குழல் ஒன்றை விட்டு, அத்தொட்டியை நீர்வழியிலேயே மிக உயர்ந்த இடமாக்கிய பின்னரே காற்றுக் கெட்டது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டியது எதுவோ அதற்கு வருவோம்.

இவ்வகை வண்டியில் மிதிபலகையின் பின்னே இரண்டு உருளைகள் உள. ஒன்று முன் பிறேக்குக்கு, மற்றொன்று பின் பிறேக்குக்கு. மிதியின் விசையை இரண்டுக்கும் பங்கிடுவது குறுக்குத் தண்டொன்று. அத்தண்டிலே விசை சேருமிடத்தைத் திருகி நகர்த்தலாம். எந்த உருளைக்கு அண்மையில் நகர்கின்றதோ அதற்கே பெரும்பங்கு. உருளைகளுக்கு இடையே 60 மில்லிமீற்றர் என்க. நடுவிலே நின்றால் பாதிக்குப் பாதி. முன் உருளையை நோக்கி 3 மில்லிமீற்றர் நகர்ந்தால் முன்னுக்கு 55, பின்னுக்கு 45. இது நெம்புகோல் விதி. எட்டாம் வகுப்புக் கணக்கு.

எஞ்சின் பின்புறம் இருத்தலின் அவர் வண்டியின் எடையில் நூற்றுக்கு அறுபது பின்சக்கரங்களிலே. ஆதலால் பின்னுக்கே பெரும்பங்கு தகும் என்று கருதி, 3 மில்லிமீற்றர் பின்னோக்கி வைத்தார். கருத்துப் பிழையன்று, குறை. பிறேக்கு மிதித்த கணத்தில் எடை முன்னே சாய்கின்றது. ஆயிரம் கிலோ வண்டி, எடைமையம் தரையிலிருந்து 45 சதமமீற்றர் உயரம், அச்சுகளுக்கிடையே 2.5 மீற்றர், புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தேய்வு என்று கொண்டால், சாயும் எடை 144 கிலோ. நின்றபோது முன்னே 400, பின்னே 600 இருந்தது, மிதித்தபோது 544, 456 ஆகின்றது. நால் பிறேக்கும் ஒரே அளவினவாயின் முன்னுக்கு வேண்டியது 54.4, அவர் கொடுத்திருந்தது 45.

கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்றிலே மணிக்கு 50 மைல் வேகத்தில் வலிந்து மிதித்தார். பின்சக்கரங்கள் முதலில் இறுகின. இறுகிய சக்கரத்துக்கு நேர்வழியும் ஒன்றே, பக்கவழியும் ஒன்றே. அது வண்டியைப் பிடித்து நிறுத்தமாட்டாது. வால் முன்னே வந்தது. வண்டி இருமுறை சுழன்று புல்லிலே நின்றது. அகன்ற வெளியாதலின் மோதுதற்கு ஒன்றும் இருந்திலது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் தம் மகளை அவ்வண்டியில் ஏற்றித் தமது ஒழுங்கையிலே மெல்ல ஓட்டிக் காட்டியிருந்தார். இதனைச் சொல்லும்போது படத்தொகுப்பை மூடிவிட்டார். பின்னர் சிறிது நேரம் திறக்கவில்லை.

பரிகாரம் 6 மில்லிமீற்றர்த் திருகல். ஏறக்குறைய ஒரு நெல்மணி நீளம்.

அதன்பின் அவர் விரைந்திலர். நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் ஏற்றி, சாரதி ஆசனத்திலே தம் எடைக்கு அரிசிமூட்டை வைத்து, மூலைக்கு மூலை எடை பார்த்தார். கால் குட்டையான மேசை ஆடுவதுபோல, ஒரு மூலை வில் தளர்ந்தால் எதிர்மூலையும் எடை இழக்கும். தரையிற் பார்ப்பவர்க்கு வண்டி சமமாகவே தோன்றும். வில்லின் தாங்கு வளையங்களைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருகிச் சரிசெய்ய இரண்டு வாரம் சென்றது.

வீட்டிலே கட்டிய வண்டிகள் 1998 முதல் அங்கே அரச சோதனைக்கு உரியவை. 2009 இலிருந்து அதன் இடத்தில் தனி வாகன அங்கீகாரம் என்னும் விரிந்த சோதனை நடைபெறுகின்றது. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களுக்கு முன்னரே இறுகவேண்டும் என்பது அதிலொரு விதி. அவ்விதியின் காரணத்தை எம் மாணாக்கர் புல்வெளியிலே கற்றுவிட்டார். வேகமானி உண்மை வேகத்திற் குறைத்துக் காட்டலாகாது. புகைக்குழலின் ஓசை 99 டெசிபெல்லைத் தாண்டலாகாது. வெளியே கைபடும் விளிம்புகள் 2.5 மில்லிமீற்றர் ஆரைக்குக் குறையாமல் மழுங்கியிருத்தல் வேண்டும். இவர் முதல் முறை தவறியது இக்கடைசி விதியிலே, கண்ணாடித் தாங்கியின் ஓரத்தினால். சோதகர் அதனைக் கண்டுபிடித்தது விரலாலாம். விடைத்தாளிலே ஒற்று மிகுந்ததற்கு நாம் புள்ளி குறைத்த நாளை அவர் எமக்கு நினைவூட்டினார், நாம் மறந்திருந்தோம்.

இரண்டாம் முறை தேறியபின்னும், இறுக்கிய நட்டு ஒவ்வொன்றின்மேலும் மஞ்சள் மையால் ஒரு கோடு இழுத்தார். நட்டு அசைந்தால் கோடு முறியும். நூறு மைலுக்கு ஒருமுறை வண்டியின் கீழே படுத்து எல்லாக் கோடுகளையும் பார்த்தார். முதல் நூறில் மூன்று முறிந்திருந்தன. இரண்டாம் நூறில் ஒன்று. அடுத்த முந்நூறில் ஒன்றுமில்லை. ஐந்நூற்றோராவது மைலிலே, மகளைப் பக்கத்தில் இருத்திப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார்.