எந்தக் கம்பி, எந்தக் கிட்டார்?

ஆராதனை முடிந்ததும் வாலிபத் தம்பி தங்கைகள் அநேகர் என்னிடத்தில் வந்து, "அண்ணா, எந்தக் கிட்டார் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா?"

இது தெரியாமல் நான் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. என் முதல் கிட்டார், நைலான் கம்பி போடுகிற கிளாசிக்கல் வகை. சத்தம் பத்தலையே என்று ஸ்டீல் கம்பி மாட்டினேன். இரண்டு வாரம் நல்லாத்தான் இருந்தது. ஒருநாள் உறையைத் திறந்தால், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கிறது! அப்பா கடன்பட்டு வாங்கித் தந்த கிட்டார் அது.

காரணம் இதுதான். ஆறு நைலான் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ பாரத்துக்கு இழுக்கும். ஸ்டீல் கம்பிகளோ 70 கிலோ வரைக்கும், அதற்கு மேலும் இழுக்கும். அதைத் தாங்கத்தான் ஸ்டீல் கிட்டாரின் மேல்பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டங்களும், கழுத்துக்குள் இரும்புத் தண்டும் வைக்கிறார்கள். கிளாசிக்கலில் பலகை மெல்லிசு. தண்டும் பெரும்பாலும் இராது.

கடையில் பிரிட்ஜைப் பாருங்கள். கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலானுக்குரியது, கழுத்தும் அகலமாயிருக்கும். ஆறு சிறு முளைகள் குத்தியிருந்தால் ஸ்டீல். சுருதி இரண்டுக்கும் ஒன்றே: தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.

ஸ்டீலில் ஆரம்பித்தால் விரல்நுனி சில வாரம் எரியும், பிறகு காய்த்துவிடும். என் பழைய கிட்டாரை ஒரு ஆசாரி ஒட்டித் தந்தார். அதில் இப்போது நைலான் மட்டுமே போடுகிறேன்.