அப்பாவின் குரலைத் தேடும் மகளுக்கு

வேலூர்,
அக்டோபர் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரே ஒரு தடவை அப்பாகிட்ட பேசிட்டா போதும் அத்தை. நர்சிங்குக்கு எழுதட்டுமா, இல்ல ஷூ கம்பெனி வேலையிலேயே இருக்கட்டுமான்னு கேட்கணும்" என்றாய். இறந்தவர்களை வரவழைத்துப் பேசும் ஒரு அம்மாவைப் பற்றி உன்னோடு வேலை செய்கிற பெண் சொன்னதாகவும், அது வேண்டாம் என்றால் அப்பாவின் பழைய வாய்ஸ் மெசேஜ்களைக் கொடுத்தால் அவர் குரலிலேயே பதில் பேசுகிற ஆப் இருப்பதாகவும் சொன்னாய். பைபிள் ஏன் இதைத் தடுக்கிறது என்று கேட்டாய். உன் அப்பா எனக்குத் தம்பி. அந்தக் குரலுக்காக என் காதும் ஏங்குகிறது. அதனால் உன்னைத் திட்ட நான் இதை எழுதவில்லை.

முதலில் இருபது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் பாட்டி இறந்த வருடம் அவர்களுடைய இரண்டு பவுன் வளையலைக் காணவில்லை. நான் ஒரு மை போடுகிறவரிடம் போனேன். ஞாயிற்றுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நான்தான் போனேன். அவர் வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, விளக்கடியில் பிடித்து, "அந்த அம்மாவே வந்து சொல்றாங்க. வெளியாள் எடுக்கல. வீட்டுக்கு வந்த பொண்ணுதான்" என்றார். வீட்டுக்கு வந்த பெண் உன் அம்மா ஒருத்திதான். அன்றிலிருந்து மூன்று வருடம் நான் உன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் என்னவென்று தெரியாமலே அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் பாட்டியின் தகரப் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே அடகுச் சீட்டு கிடைத்தது. வளையலை அடகு வைத்தது பாட்டியேதான். மீட்கும் தவணையும் முடிந்துபோயிருந்தது.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபோதுதான் ஏசாயா தீர்க்கதரிசியின் 8ஆம் அதிகாரம் எனக்குப் புரிந்தது. எதிரிப் படை வந்துவிடுமோ என்று யூதா நாடு நடுங்கிய காலம் அது. பயந்த ஜனங்கள் செத்தவர்களிடம் வழி கேட்க ஓடினார்கள். உயிரோடிருப்பவர்களுக்காகச் செத்தவர்களிடமா போவது என்று ஏசாயா கேட்கிறார். அப்படிப் போனவர்கள் பசியோடு அலைந்து, ராஜாவையும் தேவனையும் தூஷித்து, கடைசியில் இருட்டில்தான் நிற்பார்கள் என்று அதிகாரம் முடிகிறது. என் இருட்டு மூன்று வருடம் நீடித்தது. அதற்கு விலை கொடுத்தவள் உன் அம்மா.

அந்த இடத்தில் நம் தமிழ் பைபிள் போட்டிருக்கிற வார்த்தையைக் கவனித்தாயா? 'அஞ்சனம் பார்க்கிறவர்கள்.' அஞ்சனம் என்றால் மை. எபிரெய மூலத்தில் மையும் இல்லை, வெற்றிலையும் இல்லை. அங்கே உள்ள சொல் 'ஓவ்'. நம் ஊர் ஜனங்கள் எந்த வாசலுக்கு ஓடுவார்கள் என்று தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வாசலின் பெயரையே எழுதி வைத்தார்கள். அந்த 'ஓவ்' என்ற சொல்லில் தோல் ஊரில் பிறந்த உனக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. யோபு 32இல் அதே சொல் திராட்சரசம் ஊற்றி வைக்கும் தோல் துருத்தியைக் குறிக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் 'ஓவ்' உள்ளவர்களை வயிற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர்கள் என்றே எழுதினார்கள். துருத்தியில் எதை ஊற்றினோமோ அதுதான் வெளியே வரும். அன்றைக்கு என் மனதில் ஏற்கெனவே இருந்த சந்தேகத்தைத்தான் அந்த மை போடுகிறவர் உன் பாட்டியின் பெயரால் எனக்கே திருப்பி ஊற்றினார்.

இனி சவுல் ராஜாவின் கதைக்கு வருகிறேன். சாமுவேலின் முதல் புத்தகம் 28ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி நிதானமாக வாசி. அஞ்சனம் பார்க்கிறவர்களை நாட்டை விட்டுத் துரத்தியவரே சவுல்தான். பெலிஸ்தர் படையைக் கண்டதும் அவரே வேஷம் மாறி, ராத்திரியில், எந்தோர் என்ற ஊரில் இருந்த ஒரு பெண்ணிடம் போகிறார். இறந்துபோன சாமுவேலிடம் அவர் கேட்டதும் நீ கேட்கிற கேள்விதான்: நான் என்ன செய்யட்டும்? அதற்கு மட்டும் பதில் வரவில்லை. சாமுவேல் உயிரோடிருந்தபோது சொன்னதுதான் திரும்ப வந்தது. அதோடு நாளைக்குச் சாவு என்ற செய்தியும் வந்தது. சவுல் தரையில் நெடுக விழுந்தார். பகலும் இரவும் சாப்பிடாத உடம்பு.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். அந்தப் பெண் தன் வீட்டில் வளர்த்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டு, ராஜாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் கொடுத்தாள். அந்த ராத்திரியில் சவுலை எழுந்து நடக்க வைத்தது அந்தச் சாப்பாடுதான். உயிரோடிருந்த ஒருத்தியின் கையிலிருந்து வந்த சாப்பாடு.

அந்த ஆப் விஷயத்துக்கு ஏசாயா 44ஐ எடுத்துக்கொள். ஒருவன் ஒரு மரத்தை வெட்டுகிறான். பாதியை எரித்துக் குளிர் காய்கிறான், அப்பம் சுடுகிறான், இறைச்சி பொரிக்கிறான். மீதிப் பாதியைச் செதுக்கி, என்னைக் காப்பாற்று என்று அதன் காலில் விழுகிறான். தன் கைக்குள் இருப்பது பொய் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் தீர்க்கதரிசியின் வேதனை. அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நீ போட்டுக் கேட்பது ஞாபகம். அதில் ஒரு குற்றமும் இல்லை. நானும் கேட்கிறேன். "பாப்பா, மழை வருது, துணியை எடுத்துடு" என்று அவன் சொல்வதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஆனால் அவன் சொல்லாத வார்த்தையை அவன் குரலில் சொல்லவைத்து, அதற்குக் கீழ்ப்படிந்து நடப்பது வேறு. அது உன் கையால் செய்த சுரூபம். உன் அப்பா உன் பேச்சை மறுத்துப் பேசத் தெரிந்தவன். அந்தச் சுரூபத்துக்கு அது தெரியாது.

இந்த வசனங்களையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரின் சாமியையும் பூஜையையும் பழிக்கக் கிளம்பிவிடாதே. கோயில் மணியும் பாங்குச் சத்தமும் நம் ஜெபமும் ஒரே காற்றில் கலக்கிற ஊரில் வளர்ந்தவள் நீ. தீர்க்கதரிசிகளின் கோபத்தில் பெரும்பங்கு அவர்களுடைய சொந்த ஜனத்தின்மேலும் சொந்த ஆலயத்தின்மேலும்தான் விழுந்தது. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பிழைக்க மோசே செய்து வைத்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். அது தேவன் சொல்லிச் செய்த பொருள்! அப்படியிருந்தும் உடைத்தார். நம் வீட்டில் உடைக்க வேண்டியது என்ன என்று நாம்தான் பார்க்க வேண்டும். வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, நல்ல வசனம் வந்தால் சந்தோஷம், கடினமான வசனம் வந்தால் மெதுவாக வைத்துவிட்டு இன்னொன்று எடுக்கிறோம். வேதத்தையே குறி சொல்லும் சீட்டாக்கிவிட்டோம். நானும் அப்படி எடுத்திருக்கிறேன்.

விக்கிரகம் என்பதன் முழு ஆழத்தை எனக்குக் காட்டியவர் ஆமோஸ். தெக்கோவா ஊரில் மந்தை வைத்திருந்து, காட்டத்திப்பழம் பொறுக்கிப் பிழைத்தவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பெத்தேல் ஆலயத்தில் பாட்டும் பலியும் அமோகமாக நடந்துகொண்டிருந்தபோது அங்கே போய் நின்று கண்டித்தார். அவர் வாசித்த குற்றப் பட்டியலில், எளியவர்களை ஒரு ஜோடிப் பாதரட்சைக்கு விற்றார்கள் என்பதும் ஒன்று. பாதரட்சை, பாப்பா! உலகத்துக்குச் செருப்பும் ஷூவும் தைத்து அனுப்புகிற ஆம்பூரில் உட்கார்ந்து இந்த வார்த்தையை வாசிக்கிறவர்களுக்கு நெஞ்சு திடுக்கிட வேண்டாமா?

தோல் தொழில் பாவம் என்று நான் சொல்லவில்லை. யோப்பா பட்டணத்தில் பேதுரு அநேக நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில்தான். நம் குடும்பத்துக்கும் சோறு போட்டது தோல்தான். ஆனால் லாபத்துக்குமுன் மற்றதெல்லாம் பலியாகலாம் என்று விட்டுவிட்டால் அந்த லாபம் விக்கிரகமாகிவிடுகிறது. பொருளாசை என்பது விக்கிரக ஆராதனைதான் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது இதைத்தான். தோல் கழிவு கலந்த நம் பாலாற்றைப் பார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2015 ஜனவரி 31 விடிவதற்குள் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்றும் இதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இந்த வருடங்களிலெல்லாம் நாமும் ஞாயிறுதோறும் பாடிக்கொண்டுதானே இருந்தோம்?

உயிரோடிருப்பவர்களின் கூக்குரலைக் கேட்காத காது வேறு குரல்களைத் தேடிப் போகிறது. தீர்க்கதரிசிகள் தடுப்பது அதைத்தான்.

நீ நர்சிங் என்று சொன்னதும் எனக்கு ஐடா ஸ்கடர் அம்மையார் ஞாபகம் வந்தார். இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் அப்பா அம்மாவோடு இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டார்கள். அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரான அப்பாவை அனுப்பலாம் என்றால், ஆண் மருத்துவர் பார்ப்பதை அந்த வீடுகள் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு அவர் படிப்பால் பதில் சொன்னார். 1899இல் அமெரிக்காவில் மருத்துவம் முடித்து, 1900இல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1909இல் நர்சிங் பள்ளி வந்தது. இன்றைக்கு நாம் சி.எம்.சி. என்று சொல்வது அந்த ஒற்றைக் கட்டிலிலிருந்து வளர்ந்ததுதான்.

உன் அப்பா கட்டிங் பிரிவில் இருந்தவன். ஒருநாள் வீட்டில் ஒரு தோல் துண்டை விரித்து எனக்குக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் மெதுவாகத் தடவினான். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க உண்ணி கடிச்சிருக்கு அக்கா, இந்த இடத்துல அச்சை வைக்கக் கூடாது" என்றான். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்துத் தடவிய பிறகுதான் சின்னத் தழும்பு தட்டுப்பட்டது. நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது, சொந்தத்தில் ஒருவருக்கு வந்த படுக்கைப்புண்ணுக்கு நீ மருந்து வைத்துக் கட்டியதைப் பார்த்து அவன் என்ன சொன்னான் என்று அம்மாவிடம் கேள். நான் சொல்லமாட்டேன். அது அவள் வாயால் நீ கேட்க வேண்டியது. உன் கேள்விக்கு அவன் உயிரோடிருக்கும்போதே பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அப்பா இல்லாமல் வருகிற முதல் திருநாள். நான் முந்தின நாள் சாயங்காலமே ஆம்பூர் வந்துவிடுகிறேன். புல்லைப் பிடுங்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். அழுகை வந்தால் அழுவோம். அவனிடம் எதையும் கேட்க வேண்டாம். அவனைத் தந்த தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம்.

அன்றைக்கு நானே சமைக்கிறேன். உன் அம்மாவை உட்கார வைத்து, என் கையால் சோறு போட்டு, அந்த அடகுச் சீட்டைப் பற்றி அவளிடம் சொல்லப் போகிறேன். நீ பக்கத்தில் இரு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
உன் அத்தை