சுவிட்சைப் பார்க்க மேடேற வேண்டாம்

பூனாகலை போன்ற மலைத் தோட்டங்களில் பெக்டரி ஓரிடம், ஒபிஸ் வேறிடம். 'நெட் இல்லை' என்றதும் மேடேறி ஓடாதீர்கள். தொலைவிலிருந்து கருவிகளை விசாரிக்கும் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை உள்ள சுவிட்ச் என்றால் (மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது, வாங்கும்போதே கேளுங்கள்) இருந்த இடத்திலிருந்தே விசாரிக்கலாம். அதன் நிலவரமெல்லாம் 'மிப்' என்ற பட்டியலில் எண்ணிட்டுக் கிடக்கும். 1.3.6.1.2.1.2.2.1.8-உடன் போர்ட்டின் சுட்டெண்ணைச் சேர்த்துக் கேளுங்கள்: விடை 1 என்றால் இணைப்பு உண்டு, 2 என்றால் இல்லை. கடைசி 8-க்குப் பதில் 14 போட்டால் பழுதாக வந்த பொட்டலங்களின் கணக்கு. அது ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள், மார்ச்-ஏப்ரல் இடிமழைக்குப் பின் கட்டாயம்.

இப்படி விசாரிப்பதற்குக் கடவுச்சொல் போலப் பல சுவிட்சுகளில் 'பப்ளிக்' என்று இருக்கும் சொல்லை உடனே மாற்றுங்கள். எஸ்.என்.எம்.பி.யின் மூன்றாம் பதிப்பு இருந்தால் மறைகுறியாக்கமும் கிடைக்கும்.