இதயச் சிகிச்சைப் பிரிவில் வழங்கும் ஆங்கிலம்

பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பல ஆண்டுகள் ஆங்கிலம் பயில்கிறோம். ஆயினும் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்கும்போது கேட்கும் ஆங்கிலம் நம் பாடநூல்கள் எதிலும் இல்லை. வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் நேரத்தில்தான் அது நமக்குத் தேவைப்படுகிறது. அந்த நேரம் அகராதி புரட்டும் நேரமன்று.

அந்தப் பிரிவில் வழங்கும் சொற்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வாயில் நுழையாத சொற்கள். "மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்" என்று மருத்துவர் சொன்னால் யாரும் புரிந்ததாக எண்ணிக்கொள்ள மாட்டார், "அப்படியென்றால் என்ன ஐயா?" என்று கேட்டுவிடுவார். மற்றொன்று, ஏற்கெனவே நம் வாயில் புழங்கும் சொற்கள்: பிளாக், ஃபெயிலியர், ஷாக், ஸ்டேபிள். இவற்றின் பொருளை நாம் கேட்பதில்லை. தெரியும் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் தொல்லை தருவன இந்த இரண்டாம் வகைச் சொற்களே.

சென்ற ஆண்டு என் சித்தப்பா ஆறு நாள் ஒரு மருத்துவமனையில் இருந்தார். அவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. ஆங்கில இலக்கியம் படிப்பவன் என்பதால் வாசலில் நிற்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கேட்ட சொற்களை ஒரு நோட்டில் எழுதி, பணி முடிந்து வரும் பயிற்சி மருத்துவர்களிடம் பொருள் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இக்கட்டுரைக்கு அந்த நோட்டே அடிப்படை.

தூத்துக்குடியில் "வெசல் வந்திருக்கிறது" என்றால் கப்பல் வந்திருக்கிறது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். மருத்துவருக்கோ வெசல் என்பது இரத்தக்குழாய். "ட்ரிபிள் வெசல் டிஸீஸ்" என்றால் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மூன்று பெரிய குழாய்களிலும் அடைப்பு என்பது பொருள். வலது தமனி ஒன்று, இடது தமனியின் பெருங்கிளைகள் இரண்டு, ஆக மூன்று. இவற்றைக் "கொரோனரி" தமனிகள் என்பர். முடி, அதாவது கிரீடம், எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். குழாய்கள் இதயத்தின் மேல் முடிபோல் சுற்றிக் கிடப்பதால் அப்பெயர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு "முடியுரு நாடி" என்ற அழகிய சொல் உண்டு. (அங்கே நாடி என்பது நம்முடைய தமனி, நாளம் என்பது நம்முடைய சிரை.) மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் வெகுமுன்பே தொடங்கியது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் ஆக்கினார். அவ்வழி நம் பக்கத்தில் தொடர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது. நிற்க.

"லோடிங்" என்பதும் நமக்குத் துறைமுகச் சொல்லே. மருத்துவத்தில் "லோடிங் டோஸ்" என்பது, மருந்து உடலில் விரைந்து வேலை செய்யும்பொருட்டு முதல் வேளையில் மட்டும் கூடுதலாகத் தரும் அளவு. தமிழக அரசு 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, நெஞ்சுவலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருபவர்க்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டேட்டின் ஆகிய மூன்றையும் இவ்வாறு தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். ஒரே நேரத்தில் கைநிறைய மாத்திரையா என்று உறவினர் திகைப்பது உண்டு. சொல்லின் பொருள் தெரிந்தால் திகைப்பு இராது.

இனி மூன்று பெருஞ்சொற்கள். அட்டாக், அரெஸ்ட், ஃபெயிலியர் மூன்றையும் நாம் "ஹார்ட் அட்டாக்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். இவை வெவ்வேறு. "ஹார்ட் அட்டாக்" என்பது குழாய் அடைபட்டு, இரத்தம் கிடைக்காத இதயத் தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்குவது. இதயம் அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கும்; நோயாளி பெரும்பாலும் பேசுவார். "கார்டியாக் அரெஸ்ட்" என்பது இதயம் இரத்தத்தை வெளித்தள்ளுவதை நிறுத்திவிடுவது. நோயாளி அக்கணமே நினைவிழப்பார். உடனே மார்பை அழுத்தவேண்டும், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. "ஹார்ட் ஃபெயிலியர்" என்பதோ இதயம் நின்றுவிட்டது என்பதன்று. உடலுக்குத் தேவையான அளவு அதனால் இறைக்க முடியவில்லை என்பதே. கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். மருந்துடன் பல ஆண்டு வாழ்பவரும் உண்டு. தேர்வில் ஃபெயில் என்ற சொல்லுக்குப் பழகிய நம் காதில் இது எவ்வளவு கொடுமையாக விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்! அச்சொல் காதில் விழுந்ததும் என் சித்தி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"பிளாக்" என்ற சொல் செய்யும் குழப்பம் வேறு வகை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் பிளாக், சித்தப்பாவுக்கும் பிளாக். அவருக்குப் பேஸ்மேக்கர் கருவி பொருத்துகிறார்கள். இவருக்கு ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைக்கவேண்டும் என்கிறார்கள். ஒரே நோய்க்கு இருவிதச் சிகிச்சை ஏன், இதில் பணம் விளையாடுகிறதோ என்று எங்கள் உறவினர்களிடையே பேச்சு எழுந்தது. கையெழுத்திடாமல் அரைமணி நேரம் தயங்கினார்கள். உண்மையில் அவை இரண்டு நோய்கள். "ஹார்ட் பிளாக்" என்பது இதயத்தின் துடிப்பை இயக்கும் மின்னோட்டத் தடை. "கொரோனரி பிளாக்" என்பது இரத்தக்குழாய் அடைப்பு. ஒன்று வீட்டின் மின்கம்பி பழுது, மற்றொன்று தண்ணீர்க்குழாய் அடைப்பு. "மின்சாரத்தில் பிளாக்கா, குழாயில் பிளாக்கா?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் விளக்கிவிடுவார். அந்த அரைமணி ஏன் பெரிதென்றால், குழாய் அடைபட்ட தசை மடிவதற்குக் கணக்கு நிமிடத்தில். "டோர் டு பலூன் டைம்" என்று ஒரு தொடர் உண்டு. நோயாளி மருத்துவமனை வாசலில் நுழைந்ததிலிருந்து குழாயைத் திறக்கும் வரையுள்ள நேரம் அது. 90 நிமிடத்திற்குள் முடிக்க முயல்வார்கள். அதற்குள்தான் நம் தயக்கமும் அடங்கவேண்டும்.

"இ.எஃப்." என்பது எஜெக்ஷன் ஃபிராக்ஷன். இதயத்தின் இடக் கீழறையில் நிறைந்த இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. நலமான இதயத்திற்கே இது ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான். நூறு ஒருவருக்கும் இராது. "நாற்பது" என்று கேட்டதும் சித்தி, பாக்கி அறுபது செத்துப்போயிற்றா என்று அழ, என் தம்பி, தேர்ச்சி மதிப்பெண் வந்துவிட்டதே என்று மகிழ்ந்தான். இருவர் எண்ணியதும் சரியன்று. நாற்பது என்றால் இறைக்கும் ஆற்றல் குறைந்திருக்கிறது; மருந்தால் உயரவும் கூடும்.

மாலையில் வந்த மருத்துவர் "ஸ்டேபிள்" என்றார். ஆபத்து நீங்கியது என்று எண்ணி உறவினர் பாதிப்பேர் ஊர் திரும்பினர். இரவு செவிலியர் "கிரிட்டிகல்" என்றதும், மாலையில் சொன்னது பொய்யா என்று சித்தி கொதித்தார். பொய்யன்று. "ஸ்டேபிள்" என்றால் நாடி, இரத்த அழுத்தம் முதலியன சில மணி நேரமாக மாறாமல் நிற்கின்றன என்பதே. நல்ல நிலையில் நிற்கின்றன என்பதன்று. "கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்வதும் உண்டு. அலை அடங்கியிருக்கிறது, ஆனால் தோணி இன்னும் நடுக்கடலில்தான் என்று நம் ஊர்க்காரர்க்குச் சொன்னால் விளங்கும்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். "ஹிஸ்டரி" என்றால் நோயாளியின் முன்நோய் விவரம். வரலாற்றுத் துறை நண்பர்கள் மன்னிக்க. "கம்ப்ளெயிண்ட்" என்றால் புகார் அன்று, நோயாளி உணரும் தொல்லை. வலியின் "ரேடியேஷன்" என்பது எக்ஸ்ரே கதிரன்று. வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவுவது. பரிசோதனை "நெகட்டிவ்" என்றால் பெரும்பாலும் மகிழத்தக்க செய்தி. "அட்டெண்டர்" என்றால் அலுவலக உதவியாளர் அல்லர், நாம்தான்.

குழப்பம் ஒரு பக்கம் மட்டுமன்று. நாம் சொல்லும் தமிழும் ஆங்கிலமாகும்போது மாறிவிடுகிறது. "மயக்கம் வந்தது" என்கிறோம். தலை கிறுகிறுத்ததா, நினைவே தப்பியதா? முன்னது "கிடினெஸ்", பின்னது "சின்கோபி". இதய நோயில் இரண்டுக்கும் வேறுபாடு மிகுதி. எனவே "இரண்டு நிமிடம் நினைவில்லை" என்று தெளிவாகச் சொல்லவேண்டும். படபடப்பு "பால்பிடேஷன்" ஆகும். "வாயு பிடித்திருக்கிறது" என்று நாமே முடிவு கட்டிச் சொல்வது கூடாது. நெஞ்சை அழுத்துகிறதா, எரிகிறதா, எப்போது தொடங்கியது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

அரசு மருத்துவமனையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை கிடைக்கும். ஆனால் கடலில்? நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பல் வேலைக்குச் செல்பவர் பலர். சரக்குக் கப்பலில் பொதுவாக மருத்துவர் இருப்பதில்லை. நடுக்கடலில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வானொலி வழியே கரையிலுள்ள மருத்துவரிடம் ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும். ரோம் நகரில் 1935 முதல் இப்பணிக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல்வழித் தொடர்புச் சொற்றொடர்களில் "ஐ ரிக்வயர் மெடிக்கல் அசிஸ்டன்ஸ்" என்பதும் ஒன்று. வெவ்வேறு நாட்டு மாலுமிகள் பொருள் மயங்காதிருக்க, இன்னதை இப்படித்தான் சொல்லவேண்டும் என்று வகுத்துவிட்டார்கள். அதே பொருளைக் கொடியாலும் சொல்லலாம்: நீல விளிம்பு, உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்புச் சதுரம் கொண்ட "டபிள்யூ" கொடி. கரையிலுள்ள மருத்துவமனைகளுக்கும் இத்தகைய ஒரு சொற்பட்டியல், தமிழ்ப் பொருளுடன், வாசலில் தொங்கினால் எவ்வளவு நலம்!

வாசலில் நிற்பவர் கேட்கவேண்டிய சில தொடர்கள்: "வாட் ஹேஸ் சேஞ்ச்ட் சின்ஸ் மார்னிங்?" - காலையிலிருந்து என்ன மாறியிருக்கிறது? "வாட் இஃப் வி வெயிட்?" - காத்திருந்தால் என்ன ஆகும்? "ப்ளீஸ் எக்ஸ்பிளெய்ன் ஒன்ஸ் மோர்" - இன்னொரு முறை விளக்குங்கள். "ஹை ரிஸ்க் கன்சென்ட்" என்ற தாளை நீட்டினால், நோயாளியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளன்று. ஆபத்து மிகுதி என்பதை நமக்கு விளக்கி, அதற்கு ஒப்புதல் கேட்கிறார்கள்.

கடைசியாக "டிஸ்சார்ஜ்". துறைமுகத்தில் சரக்கை இறக்குவது. மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்புவது. (புண்ணிலிருந்து நீர் வடிவதற்கும் அதே சொல்தான்.) அப்போது தரும் தாளில் ஒரு மருந்துக்கு நேரே "எஸ்.ஓ.எஸ்." என்று எழுதியிருக்கும். கப்பல்காரர் வீட்டில் இதைக் கண்டால் திடுக்கிடுவார்கள், அபாயக் குறியாயிற்றே! மருந்துச் சீட்டில் அது "தேவைப்பட்டால் மட்டும்" எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். சித்தப்பாவின் சீட்டில் சார்பிட்ரேட் மாத்திரைக்கு நேரே அவ்வாறு இருந்தது. அது நாள்தோறும் விழுங்குவதன்று. நெஞ்சுவலி வரும்போது உட்கார்ந்துகொண்டு நாவின் அடியில் வைப்பது. ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108ஐ அழைக்கவேண்டும் என்று சீட்டின் ஓரத்தில் சித்தி தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.