சிப்பந்தியின் சேமநிதி

மலாயாவில் ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அன்று முதலாளிக்கு 5 விழுக்காடு, தொழிலாளிக்கு 5 விழுக்காடு. இன்று 60 வயதுக்குட்பட்டு, 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறும் மலேசியக் குடிமகனுக்கு முதலாளி 13, தொழிலாளி 11. மாதம் 2,000 வெள்ளி பெறும் சிப்பந்தியிடம் 220 வெள்ளி பிடிக்கிறோம். நாம் 260 சேர்த்து, மொத்தம் 480 வெள்ளியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வாரியத்தில் கட்டவேண்டும்.

இதில் நாம் நன்கு கவனிக்க வேண்டியது அந்த 220. மற்ற 260 நாம் தரும் பங்கு, 220 அப்படியன்று. அது அவர் உழைத்த கூலி. நம் கையில் அமானிதமாக இருப்பது. வியாபாரம் மந்தம், சரக்கெடுக்கக் கைமுதல் போதவில்லை என்று அதைக் கல்லாவில் போட்டுப் புரட்டுவோர் நம்மிலும் உண்டு. "அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம்" என்பார்கள். அந்த அடுத்த மாதம் வருவதே அபூர்வம். சட்டம் இதை வெறும் கடனாகக் கருதவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிடித்த பணத்தைக் கட்டாதவருக்கு 6 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனி என்றால் அதன் டைரக்டர்களும் பாக்கிக்குச் சொந்தப் பொறுப்பாளிகள்.

சிப்பந்திக்கோ நஷ்டம் 480 வெள்ளியோடு நிற்பதில்லை. லாப ஈவு ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 30 வயதில் கட்டாமலே போன ஒரு மாதச் சந்தா, 55 வயதில் 1,600 வெள்ளிக்கு மேற்பட்ட குறையாக நிற்கும். பென்ஷன் இல்லாத கடைச் சிப்பந்திக்கு வயதான காலத்தில் வேறு கதி ஏது?

ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்து நம் உணவுக்கடைகளில் வேலை பார்ப்போருக்குச் சேமநிதி கட்டாயமில்லை என்பதும் பழைய பேச்சு. 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல், வீட்டுப் பணியாளர் நீங்கலாக, வெளிநாட்டு ஊழியருக்கும் இரு தரப்பும் 2 விழுக்காடு கட்டவேண்டும்.

நம்முடைய முதுமைக்கு? கடைதான் பென்ஷன் என்கிறார்கள் பெரியவர்கள். மகன் கல்லாவில் உட்காருவானா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்! சொந்தத் தொழில் செய்வோர் ஐ-சாரான் திட்டத்தில் 60 வயது வரை விருப்பச் சந்தா கட்டலாம். 2025 முதல் கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளிக்கு மேற்படாமல், அரசாங்கம் சேர்க்கிறது. கடை நொடித்துப் போனாலும் வாரியத்தில் உள்ள பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. பேங்கில் கிடக்கும் நம் பணத்துக்கு இந்தக் காவல் கிடையாது.