இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்குத் தணிக்கை

நெசவாளர் சங்கத்தைத் தணிக்கை செய்பவர் நூல் சிப்பங்களை எண்ணலாம். விவசாயச் சங்கத்தில் கிடங்கிலுள்ள நெல்லை நிறுத்துப் பார்க்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி விற்பதோ வாக்குறுதி. அதைத் தராசில் இட இயலாது. அங்கத்தினர் பலர் உயிருக்கும் பயிருக்கும் பிரீமியம் செலுத்துவதால், இத்தணிக்கையின் தன்மையை நாம் அறிந்திருத்தல் நலம்.

முதற்சிக்கல் வரவு பற்றியது. ஜனவரி முதல் நாளில் ஓராண்டுக்கு 1,200 ரூபாய் பிரீமியம் வந்ததெனக் கொள்வோம். மார்ச் 31-இல் கணக்கு முடிக்கையில் ஏறத்தாழ 300 ரூபாயே வருமானமாகும். எஞ்சிய 900 ரூபாய், இனி வரும் மாதங்களுக்கான பொறுப்பு. அதை லாபத்தில் சேர்த்தல் தவறு.

இரண்டாவது சிக்கல் கடன் பற்றியது. இருபது ஆண்டுகளுக்குப் பின் தரவேண்டிய தொகைக்கு இன்று எவ்வளவு ஒதுக்குவது? மரண விகிதத்தையும் வட்டியையும் கொண்டு ஆக்சுவரி என்னும் நிபுணர் இதைக் கணக்கிடுகிறார். தணிக்கையாளர் அவர் சான்றிதழை ஏற்கலாம். ஆயினும் அக்கணக்கிற்கு ஆதாரமான பாலிஸிகள் மெய்யானவையா என்று சோதிப்பது தணிக்கையாளரின் கடமையே.

இக்கடமை தவறியதன் விளைவை அமெரிக்காவில் 1973-இல் வெளிப்பட்ட ஈக்விட்டி ஃபண்டிங் மோசடி காட்டுகிறது. அக்கம்பெனியின் கணக்கிலிருந்த சுமார் 97,000 பாலிஸிகளில் மூன்றில் இரு பங்கு, இல்லாத மனிதரின் பெயரில் எழுதப்பட்டவை. தணிக்கையாளர் கோப்புகளைக் கேட்டால், நாளை தருவதாகச் சொல்லி, இரவோடு இரவாகப் போலிக் கோப்புகளைத் தயாரித்தனர். கேட்ட பொழுதே கோப்பைப் பெற்று, பாலிஸிதாரருக்கு நேரில் கடிதம் எழுதியிருந்தால் குட்டு முன்பே உடைந்திருக்கும்.

நம் நாட்டில் கடன் போக மிஞ்சும் சொத்து, விதிப்படி கணக்கிடப்படும் குறைந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கேனும் இருத்தல் வேண்டும். மேலும், 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி, பிரீமியம் சேருமுன் கம்பெனிக்குப் பொறுப்பு பிறவாது.

பின்னது நமக்கு மிக முக்கியம். நான் ஆய்வு செய்த ஒரு சங்கத்தில், பயிருக்கான பிரீமியம் வசூலாகியிருந்தது, ரசீதும் இருந்தது, ஆனால் கெடு தேதிக்குள் பணம் அனுப்பப்படவில்லை. பின்னர் பெய்த மழையில் பயிர் மூழ்கியது. இழப்பைச் சங்கமே தன் நிதியிலிருந்து ஈடுகட்ட நேர்ந்தது. அந்நிதியும் அங்கத்தினருடைய பணமன்றோ?

ஆகவே, பிரீமியம் செலுத்தியவர் ரசீதோடு நின்றுவிடலாகாது. பாலிஸி எண்ணையும், பணம் கம்பெனிக்குச் சென்ற தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்க. அங்கத்தினரின் விழிப்பே முதல் தணிக்கை.