சிவனொளிபாத மலை ஏறப் போகும் பிள்ளைகளுக்கு: பயனுள்ள குறிப்புகள்

படிப்புக்காகவோ ஆய்வுக்காகவோ இலங்கைக்குப் போகும் பிள்ளைகள், ஒரு நாள் லீவு கிடைத்தால் சிவனொளிபாத மலைக்குப் போய் வருகிறோம் என்பார்கள். இரவில் ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்த்து, மதியத்துக்குள் அடிவாரம் வந்துவிடலாம். ஆனால் உயரம் 2,243 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று சமதரையிலேயே நடந்து பழகிய கால்களுக்கு அது லேசான வேலை இல்லை. பெட்டி கட்டும்போதே வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

1. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வைகாசிப் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். அப்போது வழி நெடுக விளக்கு எரியும், இரவு முழுக்கத் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் இருட்டும்தான். தனியாகப் போகவே கூடாது. பௌர்ணமியையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து வார நாளில் போவது நல்லது. கூட்ட நாளில் உச்சிக்குப் பக்கத்தில் படியிலேயே மணிக்கணக்கில் நிற்க நேரும்.

2. அடிவார ஊரான நல்லதண்ணி வழியாக ஏறினால் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். ஊருக்குக் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே லிஃப்டை மறந்துவிட்டு, அடுக்குமாடிப் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைப் படிகள். முடிந்தால் ஒரு தடவை திருக்கழுக்குன்றம். இறங்குவதற்கும் சேர்த்துப் பழக வேண்டும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்.

3. புது ஷூவோடு மலை ஏறக் கூடாது. நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலோ இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கிய ஷூதான் வேண்டும். உச்சியில் உள்ள கோயிலுக்குள் அதைக் கழற்றிவிட்டுத்தான் போக முடியும். சில்லிட்ட கல்லில் நிற்கக் கெட்டியான சாக்ஸ் ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும்.

4. உடுப்பு வெள்ளையாக, தோளும் முழங்காலும் மறையும்படி இருப்பது அங்கே மரியாதை. காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜெர்கினும் காது மூடும் குல்லாவும் ரங்கநாதன் தெருவிலேயே வாங்கிவிடலாம். முக்கியமானது ஒரு காய்ந்த பனியன். வியர்வையில் நனைந்த துணியோடு உச்சியில் சூரியனுக்காகக் காத்திருந்தால் நடுக்கம் எடுத்துவிடும். மேலே போனதும் முதல் வேலையாக உள்ளாடையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. இந்த மலை பௌத்தர்களுக்கும் புனிதமானது. புத்தர் முகம் அச்சிட்ட டி-ஷர்ட் பாண்டி பஜார் நடைபாதையில் கிடைக்கிறது. அதை இலங்கைக்கு எடுத்துப் போகவே வேண்டாம். புத்தர் உருவத்தைப் பச்சை குத்திக்கொண்டு வந்த வெளிநாட்டவரை அந்த நாடு திருப்பி அனுப்பியிருக்கிறது. சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதும் தவறு. நம் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் எதைச் செய்ய மாட்டோமோ அதை அங்கேயும் செய்யக் கூடாது.

6. வழிச் சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச ஒன்றும் கிடையாது. புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கடலைப்பருப்பு, பெருங்காயம் தாளித்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். வறுத்துப் பொடித்த தனியா, வெந்தயத்தை இறக்கும்போது சேர்த்தால் போதும். வேர்க்கடலையைச் சேர்க்காமல் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் நமுத்துப்போகும். நன்றாக ஆறிய பிறகே பாட்டிலை மூட வேண்டும். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். மலைக்குக் கிளம்பும் அன்று சாயங்காலம் சாதம் வடித்து, தட்டில் பரத்தி, சூடு போனதும் கலந்து கட்டிக்கொண்டால் விடியற்காலை உச்சியில் சாப்பிட ருசியாக இருக்கும். தயிர்சாதம் வேண்டாம், பஸ் சூட்டில் புளித்துவிடும். பாலிதீன் பையைத் தவிர்த்து எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள்.

7. சைவப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இலங்கையில் தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் குழம்புகளிலும் மாசிக்கருவாடு சேர்ப்பார்கள். பார்த்தால் தெரியாது. "மாசி போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

8. கொழும்பிலிருந்து ஹட்டன், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. மழைச் சேதத்தால் மலை ரயில் நின்றுபோகும் காலங்கள் உண்டு. முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும், பஸ் இருக்கிறது. ஹட்டன் தாண்டிவிட்டால் தமிழே போதும். 1820-கள் முதல் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அடிவாரத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்கும் அக்காவுக்குத் திருச்சியிலோ நீலகிரியிலோ சொந்தம் இருக்கலாம். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு, உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு ஏறச் சொல்லுங்கள். தேத்தண்ணிக்குப் பேரம் பேச வேண்டாம்.

9. இரத்தினபுரிப் பக்கத்து வழி நீளமானது, காடு, அட்டைக் கடி அதிகம். சாக்ஸின் மேல் காய்ந்த சோப்பைத் தேய்த்துக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காமல், வாய்ப் பக்கம் நகத்தை நுழைத்து மெல்ல நெருடினால் விட்டுவிடும். முதல் தடவை போகிறவர்களுக்கு நல்லதண்ணி வழியே நல்லது.

10. என்னைக் கேட்டால் பெட்டியில் துணிக்கு முன்னால் வைக்க வேண்டியது புத்தகம். மயிலாப்பூரில் பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமி 1940-ல் எழுதிய 'பௌத்தமும் தமிழும்' சின்னப் புத்தகம்தான்; தமிழ்நாட்டில் பௌத்தம் எங்கெங்கே தழைத்தது என்று அதில் தெரிந்துகொள்ளலாம். இந்த மலையையும் அதன் பாதச் சுவட்டையும் மணிமேகலை பேசுகிறது. அந்தக் காப்பியத்தை உ.வே.சா. 1898-ல் அச்சில் கொண்டுவந்தார். அவர் பெயரில் உள்ள நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு நாள் கூட்டிப்போய்ச் சுவடிகளைக் காட்டுங்கள். 1880-ல் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரான, பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் வாழ்ந்து மறைந்ததும் அடையாறில்தான். உச்சியில் உள்ள சுவட்டைப் பௌத்தர்கள் புத்தர் பாதம் என்றும், சைவர்கள் சிவன் பாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதம் பாதம் என்றும் போற்றுகிறார்கள். சாந்தோமில் அடக்கமானவராகச் சொல்லப்படும் தோமையாரின் பாதம் என்று கருதிய கிறிஸ்தவர்களும் உண்டு. இத்தனையும் தெரிந்து ஏறும் பிள்ளைக்கு அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கும்.

11. உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் தடவை என்றால் ஒரே ஒரு அடி.

12. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டால் விமானத்தில் அனுமதி இல்லை. ஏறத் தொடங்கும்போது ஒரு செய்தி, இறங்கியதும் ஒரு செய்தி என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வீட்டிலிருந்து யாரும் கூப்பிட வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இதைப் பாட்டியிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் காலை பத்து மணிவரை பதற மாட்டார்.

13. பிள்ளை படிப்பது இலங்கையில் இல்லாமல் ஹாங்காங்கில் என்றால், அங்கே லாண்டாவ் தீவின் பெரிய புத்தர் இருக்கிறார். 34 மீட்டர் உயரச் சிலைக்கு 268 படிகள்தான், கேபிள் காரில் போகலாம். பக்கத்து போ லின் மடத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கும். ஜப்பானில் ஒசாகா பக்கம் என்றால் கோயா மலை. அங்கே மடங்களில் பரிமாறும் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. விரத நாளிலும் கவலையில்லை.

14. சிவனொளிபாத மலையிலிருந்து இறங்கும்போது படியில் நேராகக் குதிக்காமல், பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து இறங்கினால் முழங்கால் தப்பும். அறைக்கு வந்ததும் கல்லுப்பு போட்ட வெந்நீரில் கால் மணி நேரம் காலை வைத்திருக்கட்டும். அன்றே எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிக்க வேண்டாம். அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்குவதே கஷ்டமாக இருக்கும். பரீட்சைக்கு முந்தைய நாள் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.